எழுதப்படாத சம்பளம்

சோப்பும் பற்பசையும் பிஸ்கட்டும் ஏஜென்சி எடுத்து நடத்துகிற எங்களைப் போன்றவர்களுக்கு 2025-26 கடினமான நிதியாண்டு. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் பேசும்போது ஜி.எஸ்.டி. குறையப் போகிறது என்று அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. மன்றத்தின் 56ஆவது கூட்டம் புதிய வீதங்களை முடிவு செய்தது. செப்டம்பர் 22 அன்று அவை நடைமுறைக்கு வந்தன. கட்டிச் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. மக்களுக்கு இது நல்லது. மாதச் சாமான் வாங்கும் குடும்பத்தின் கையில் நாலு காசு மிஞ்சினால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விலை குறையப் போகிறது என்று தெரிந்துவிட்ட பிறகு எந்த மளிகைக்கடைக்காரர் பழைய விலையில் சரக்கு எடுப்பார்? ஐந்து வாரத்துக்கு மேல் கடைகள் ஆர்டரைச் சுருக்கின. விநாயகர் சதுர்த்தியும் அந்த நாள்களுக்குள்ளேயே வந்து போனது. அக்டோபர் 20 தீபாவளிக்காக குடோனில் ஏற்றி வைத்த சரக்கு அசையாமல் கிடந்தது. சம்பளம், டீசல், வங்கி வட்டி மட்டும் தேதி தவறாமல் ஓடின.

இதில் வெளியே தெரியாத ஒரு இழப்பு உண்டு. எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு அதை ஒரு மாதிரிக் கணக்கால் சொல்கிறேன். மாதம் 40 லட்ச ரூபாய் விற்பனை, 5 சதவீத மார்ஜின் உள்ள ஒரு ஏஜென்சியை எடுத்துக்கொள்வோம். குடோனில் வரி நீங்கலாக 16 லட்ச ரூபாய்ச் சரக்கு. அதை வாங்கியபோது 18 சதவீதம், அதாவது 2 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய் வரி கட்டியாகிவிட்டது. அதே சரக்கை 5 சதவீதத்தில் விற்கும்போது கடைக்காரர்களிடம் வசூலாகும் வரி 84 ஆயிரம் ரூபாய். மீதி 2 லட்சத்து 4 ஆயிரமும் ஜி.எஸ்.டி. தளத்தில் வரவாகத் தெரியும். ஆனால் கைக்கு வராது. ஒரே பொருளின் வீதம் மாறியதால் தேங்கிய வரவைப் பணமாகத் திருப்பிக் கேட்க விதியில் இடமில்லை, பின்னால் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இனி வாங்குவதும் 5 சதவீதம், விற்பதும் 5 சதவீதம் என்றால் மாத மார்ஜினான 2 லட்சத்தின் மீது வரும் வரி 10 ஆயிரம்தான். அந்தப் பணம் முழுவதும் கழிய இருபது மாதம் ஆகும். சலவைத்தூள் 18 சதவீதத்திலேயே இருப்பதால் அதையும் சேர்த்து விற்பவருக்குக் கொஞ்சம் சீக்கிரம் கழியும். மற்றவர்களுக்கு அது வட்டியில்லாமல் முடங்கிய முதல்.

வரி மாற்றத்துக்கு முன்பே வேறு நெருக்கடிகள் இருந்தன. சென்னை, கோவை போன்ற நகரங்களில் பத்து நிமிடத்தில் பொருளை வாசலில் கொண்டுவந்து வைக்கும் செயலிகள், அண்ணாச்சி கடைகளின் அன்றாட வியாபாரத்தில் கை வைத்தன. கடையில் விற்பனை குறைந்தால் கடைக்குப் போடுகிறவருக்கும் குறையும். அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, அடக்க விலைக்கும் கீழே தள்ளுபடி கொடுத்துச் சிறு கடைகளை ஒழிக்கிறார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் 2024இலேயே முறையிட்டது. 2025 மார்ச்சில் ஜெப்டோ, பிளிங்கிட், ஸ்விக்கி மூன்றின் மீதும் வழக்குத் தொடுத்தது. மொத்த விற்பனைக் கூடங்களுக்குக் கம்பெனிகள் எங்களைவிடக் குறைந்த விலையில் சரக்கு கொடுக்கின்றன என்ற புகாரோ 2021 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. இந்தக் குறைகளை நான் ஏற்கிறேன். எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசப்படுவதும் இவைதான். ஆனால் இவற்றோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு கெட்ட ஆண்டைப் பற்றி நாம் இரண்டே விதமாகப் பேசுகிறோம். வெளியிலிருந்து வந்த அடி என்போம், இல்லையென்றால் நேரம் சரியில்லை என்போம். இரண்டிலும் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: இதற்கு முந்தைய ஆண்டுகள் நன்றாக இருந்தன, இந்த ஆண்டு வந்து அதைக் கெடுத்தது என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரும்பாலான சிறு ஏஜென்சிகளுக்கு முந்தைய ஆண்டுகளும் நன்றாக இருக்கவில்லை. முதலாளியின் உழைப்புக்குச் சம்பளம், வீட்டார் உழைப்புக்குச் சம்பளம், போட்ட பணத்துக்கு வட்டி, சொந்த இடத்துக்கு வாடகை, இந்த நான்கையும் கணக்கில் எழுதாமல் விட்டதால் அவை லாபமாகத் தெரிந்தன. எழுதாமல் விட்டுச் சமாளிக்க முடியாத அளவுக்கு 2025-26இல் பற்றாக்குறை பெருகியது. இந்த ஆண்டு புதிதாக ஒரு பலவீனத்தை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டியது.

மேலே கணக்குப் போட்ட ஏஜென்சிக்கே திரும்புவோம். வரி மாற்றமெல்லாம் இல்லாத, நன்றாக ஓடும் ஒரு மாதம். மார்ஜின் 2 லட்சம். லைனுக்குப் போகும் சேல்ஸ்மேன்கள், டெலிவரிக்கான குட்டியானை, அதன் டிரைவர், சரக்கு ஏற்றி இறக்கும் ஆள், டீசல், பில் போடும் மென்பொருள், மின்சாரம், டேமேஜ் ஆகி வரும் சரக்கில் கம்பெனி ஏற்காத பகுதி, எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 45 ஆயிரம் என்று வைப்போம். மிச்சம் 55 ஆயிரம். இதைத்தான் நாம் லாபம் என்கிறோம். சரக்கில் 16 லட்சம், பதினைந்து நாள் கடனில் கடைகளிடம் நிற்கும் பாக்கி 20 லட்சம், கம்பெனி கிரெடிட் நோட்டாகத் தரவேண்டிய கிளெய்ம் 2 லட்சம் என மொத்தம் 38 லட்ச ரூபாய் உள்ளே கிடக்கிறது. அது முழுக்கச் சொந்தப் பணம் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 9 சதவீதம் போட்டால் மாதம் 28,500 ரூபாய் வட்டி. காலை ஏழு மணிக்குக் குடோனைத் திறந்து, லோடு அனுப்பி, வசூல் பார்த்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் ஒரு பொறுப்பான மேலாளரை வெளியிலிருந்து வைத்தால் 28 ஆயிரத்துக்குக் குறைந்து வரமாட்டார். வீட்டுக் கீழ்த்தளமே குடோன் என்றால் அதை வெளியாருக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் வாடகை 15 ஆயிரம். பில்லும் ஜி.எஸ்.டி. விவரமும் பார்க்கிற மனைவிக்கு, அதே வேலைக்கு வெளியாளுக்குக் கொடுக்கும் சம்பளம் 12 ஆயிரம். கூட்டினால் 83,500. வந்தது 55 ஆயிரம். நல்ல மாதத்திலேயே 28,500 ரூபாய் நட்டம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும்; விற்பனை கூடினால் நிலைமை கொஞ்சம் மாறும். ஆனால் மார்ஜின் 3 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் இடையில் நிற்கும் ஒரு தொழிலில், எந்தச் சிறு ஏஜென்சியும் இந்த நான்கு செலவுகளையும் எழுதிவிட்டுப் பழைய நிம்மதியோடு இருக்க முடியாது.

இப்படிக் கணக்குப் போடுவது வீண் நுணுக்கம் என்று தோன்றலாம். இதே கணக்குக்காக இந்த நாட்டின் விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு, விலை ஆணையம் சாகுபடிச் செலவைப் பல படிகளாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலி என்று கையைவிட்டுப் போன செலவு ஏ2. அதோடு, கூலி வாங்காமல் வயலில் உழைத்த குடும்பத்தாரின் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் ஏ2+எஃப்.எல். சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பும், சொந்த முதலுக்கான வட்டியும் சேர்ந்தால் சி2. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து விலை தரவேண்டும் என்றது. அந்தச் செலவு சி2 ஆக இருக்க வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. 2018-19 நிதிநிலை அறிக்கையில் ஒன்றரை மடங்கு விலையை அறிவித்த அரசு, ஏ2+எஃப்.எல். கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. 2025-26இல் சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் நிர்ணயித்ததும் அந்த அடிப்படையில்தான். கோரிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. ஆனாலும் குடும்பத்தின் உழைப்பு ஒரு செலவு என்பதை விவசாயி அரசையே ஏற்க வைத்துவிட்டார். வணிகர்களாகிய நாம் கையைவிட்டுப் போன காசு மட்டுமே செலவு என்ற முதல் படியிலேயே நிற்கிறோம். யாரும் நமக்கு அந்தக் கணக்கை மறுக்கவில்லை, நாமே கேட்கவில்லை.

நம் வணிக மரபில் இது இல்லாத பழக்கமும் அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அங்கே நடத்துவதற்கு ஏஜெண்டை அனுப்பும்போது மூன்று ஆண்டுத் தவணை பேசினார்கள்; சம்பளத்தை முன்கூட்டியே முடிவு செய்தார்கள்; லாபத்தில் பங்கும் கொடுத்தார்கள். அனுப்பப்பட்டவர் பல வேளைகளில் சொந்தக்காரராகவோ பங்காளியாகவோ இருந்தார். உறவு இருந்ததால் சம்பளம் எழுதாமல் விடவில்லை. வருமான வரிச் சட்டமும் பங்குதாரர் நிறுவனங்களுக்கு இதை ஏற்கிறது: பத்திரத்தில் எழுதியிருந்தால் உழைக்கும் பங்குதாரரின் சம்பளத்தை வரம்புக்குட்பட்டும், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டியையும் செலவாகக் கழிக்கலாம். தனி உரிமையாளராக நடத்துகிறவருக்கு மட்டும் இந்த வழி இல்லை. தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கொண்டதாக அவர் காட்ட முடியாது. சட்டத்தின் கண்ணில் அவரும் கடையும் ஒன்று. ஆடிட்டர் ஏற்காததை எழுதி என்ன பயன் என்று பலர் கேட்பது இதனால்தான். ஆடிட்டர் தயாரிக்கும் கணக்கு அரசுக்கு எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சொல்வதற்காக. அதை அவர் சரியாகச் செய்கிறார். இந்தத் தொழிலில் நம் வாழ்நாளின் அடுத்த பத்து ஆண்டுகளைப் போடலாமா என்று சொல்வது அவர் வேலை இல்லை. அந்தக் கேள்விக்கான கணக்கை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.

குடும்பத்தில் கணக்கு எதற்கு என்ற மறுப்பு இதைவிட ஆழமானது. அம்மாவும் மனைவியும் மகனும் செய்வதற்கெல்லாம் கூலி போட்டால் வீடு வீடாக இருக்காது என்பார்கள். இந்தச் சொல்லில் உண்மையான அன்பு இருப்பதை மறுக்கமாட்டேன். ஆனால் இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் பில் போடுகிறவர் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேலையில் இருக்கும் நூறு பேரில் 58 பேர் சுயதொழில் செய்கிறவர்கள்; அந்த 58 பேரில் ஏறத்தாழ 19 பேர் குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுகிறவர்கள். இவர்களில் பெண்கள் மிகுதி. சமையலை முடித்துவிட்டு வந்து கணினி முன் உட்கார்ந்து, அன்றைய இருநூறு பில்லைப் போட்டுவிட்டு, மறுபடி சமையலுக்குப் போகிற ஒருவரின் வேலையை ஏஜென்சி தன் செலவாக எழுதவில்லை என்றால், அந்த வேலை நடக்கவில்லை என்று பொருளாகாது. அதன் விலையை அவர் ஒருவரே செலுத்துகிறார். ஒரு மாதம் அவருக்கு உடம்பு முடியாமல் போனால் வெளியாள் வைத்துத்தான் ஆகவேண்டும், அப்போது அதே வேலைக்கு விலை வந்துவிடும். நான் கேட்பது மாதா மாதம் வீட்டுக்குள் காசு எண்ணிக் கொடுப்பதை அல்ல. கொடுத்தால் இன்னும் நல்லது. முடியாத மாதத்திலும் இவ்வளவு கொடுக்கவேண்டியிருக்கிறது என்று எழுதியாவது வைக்கலாம். எழுதி வைத்தால்தான் தொழில் யாருடைய முதுகில் நிற்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றும் மறுப்பு வேறொன்று. குடும்ப வணிகம் பிழைத்திருப்பதே இந்த எழுதாத சம்பளத்தால்தான் என்பார்கள். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020இல் ஊரடங்கு வந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்து, வட்டிக்கு வாங்கி, வாடகைக் கட்டடத்தில் நடத்தியவர்கள் பலர் அந்த ஆண்டுகளில் மூடினார்கள். சொந்த இடத்தில், சொந்தப் பணத்தில், வீட்டாரை வைத்து நடத்தியவர்கள் வயிற்றைக் கட்டித் தாக்குப் பிடித்தார்கள். இது நூற்றுக்கு நூறு உண்மை. என் வாதம் இந்த உண்மையோடு முட்டிக்கொள்ளவில்லை, இதிலிருந்தே பிறக்கிறது. வயிற்றைக் கட்டும் சக்தி ஒரு சேமிப்பு. பஞ்ச காலத்துக்கு வைத்த விதைநெல்லை ஒவ்வொரு மாதமும் சமைத்துச் சாப்பிட்டால் பஞ்சம் வரும்போது குதிர் காலியாக இருக்கும். நல்ல மாதங்களில் நான்கு செலவுகளையும் எடுத்து வைத்திருந்த ஏஜென்சிக்கு, செப்டம்பர் போன்ற ஒரு மாதத்தில் அவற்றை நிறுத்திக்கொள்ள இடம் இருக்கும். எப்போதுமே எடுக்காதவருக்கு நிறுத்த எதுவும் இல்லை. அவர் நேரே நகையிடமும் நிலப் பத்திரத்திடமும் போகிறார். கெட்ட ஆண்டு ஒருவரை லேசாக அசைத்துவிட்டுப் போக, இன்னொருவரைச் சாய்ப்பதற்கு இந்த வேறுபாடு முக்கியமான காரணம் என்பது என் துணிபு.

எழுதாத சம்பளம் நம் வீட்டிலேயே தங்கியிருந்தாலாவது ஆறுதல் உண்டு. அது தங்குவதில்லை. கம்பெனியின் விற்பனை மேலாளர் ஆர்.ஓ.ஐ. எனப்படும் முதலீட்டு வருவாய்க் கணக்குப் போட்டுக் காட்டும்போது முதலாளியின் சம்பளத்துக்கும் வீட்டாரின் வேலைக்கும் பெரும்பாலும் அதில் இடம் இருக்காது. மேலே சொன்ன ஏஜென்சிக்கு மாதம் 55 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம். 38 லட்ச முதலுக்கு அது 17 சதவீதத்துக்கு மேல். வங்கியில் போட்டால் இவ்வளவு வருமா என்று அவர் கேட்பார், நமக்கும் நியாயமாகத் தோன்றும். வங்கியில் போட்ட பணம் நம்மைக் காலை ஏழு மணிக்குக் குடோன் திறக்கச் சொல்வதில்லை என்பதை அந்த மேசையில் யாரும் சொல்வதில்லை. அந்த 17 சதவீதத்தை வைத்தே அடுத்த ஆண்டு மார்ஜின் முடிவாகிறது, கடைகளுக்குக் கடன் நாள் கூடுகிறது, இன்னொரு குட்டியானை போடச் சொல்கிறார்கள். நம் இலவச உழைப்பு கம்பெனியின் விநியோகச் செலவைக் குறைக்கிறது; நாம் அதைக் கேட்காததால் அது ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது. இதோடு எதிரில் நிற்பவர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்விக்கி 2024-25இல் 3,100 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. அவர்கள் நட்டத்தைத் தாங்குவது முதலீட்டாளர்கள். எவ்வளவு தாங்குகிறோம், எதற்காகத் தாங்குகிறோம் என்று காலாண்டுக்கு ஒரு முறை அவர்களுக்குக் கணக்குத் தெரியும். எங்கள் நட்டத்தைத் தாங்குவது வீடு. அந்த வீட்டுக்கு யாரும் கணக்குக் காட்டுவதில்லை.

காசு மட்டுமா வாழ்க்கை என்று ஒரு கேள்வி வரும். யாரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தமாகத் தொழில் செய்வதற்கும், ஊரில் நாலு பேர் மதிப்பதற்கும், ஐந்து குடும்பத்துக்கு வேலை கொடுப்பதற்கும் விலை போட முடியுமா? முடியாது, போடவும் வேண்டாம். அவை பெரிய விஷயங்கள், அவற்றுக்காக வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். மாதம் 28,500 ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, எனக்கு இந்தச் சுதந்திரம் வேண்டும் என்று ஒருவர் தெரிந்து முடிவெடுத்தால் அவரை நான் வணங்குகிறேன். தெரியாமலே இழந்துகொண்டிருப்பவரை அப்படிச் சொல்ல முடியாது. அதோடு, அந்தச் சுதந்திரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் டார்கெட் முடிப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் நமக்கு வேண்டாத சரக்கை ஏற்றி அனுப்புகிறார்கள்; எந்தக் கடைக்கு எந்தக் கிழமை போகவேண்டும் என்பதைக் கம்பெனியின் செயலி சொல்கிறது; ஸ்கீமுக்கு நாம் கைக்காசைப் போட்டுக் கொடுத்துவிட்டு கிளெய்முக்குக் காத்திருக்கிறோம். சம்பளக்காரருக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் பலவும் இருக்கின்றன, சம்பளம் மட்டும் இல்லை. நிலத்தின் மதிப்பு ஏறியிருக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். அது நிலம் சம்பாதித்தது. ஏஜென்சி வைக்காமல் இருந்திருந்தாலும் ஏறியிருக்கும்.

இந்தக் கணக்கை எழுதினால் பாதிப்பேர் கடையைச் சாத்த வேண்டியதுதான், தேனியிலும் தருமபுரியிலும் மலையடிவாரப் பெட்டிக்கடைக்கு யார் சரக்கு கொண்டுபோய்ப் போடுவார்கள் என்ற கவலை நியாயமானது. நகரத்துச் செயலிகள் அந்த ஊர்களுக்கு எளிதில் போகாது. எனக்குத் தோன்றுவது, அந்த ஊர்களுக்குச் சரக்கு தொடர்ந்து போகவேண்டுமானால் அந்த வேலைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். கூட்டமைப்பு போட்டி ஆணையத்திடம் போகும்போதும், கம்பெனியிடம் மார்ஜின் கேட்கும்போதும், 'நட்டமாகிறது' என்ற சொல்லைவிட, நான்கு செலவுகளையும் சேர்த்த ஆயிரம் ஏஜென்சிகளின் கணக்கு வலுவாகப் பேசும். விவசாயிகளின் கோரிக்கைக்கு எடை கொடுத்தது சி2 என்ற கணக்குதான். தனி ஆளுக்கும் இந்தக் கணக்கு உடனே பயன் தரும். எந்த லைன் டீசலுக்குக்கூடக் கட்டவில்லை, எந்தக் கடைக்கு இருபது நாள் கடன் கொடுப்பதால் வட்டி போகிறது, எந்தக் கம்பெனியின் சரக்கு குடோனை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்பதெல்லாம் வெளியே வரும். மூன்று கம்பெனி வைத்திருப்பவர் ஒன்றை விட்டுவிட்டால் மீதி இரண்டும் லாபத்துக்கு வரலாம். கடன் நாளைப் பதினைந்திலிருந்து பத்தாக்கினால் அந்த 20 லட்சம் பாக்கி 13 லட்சத்துக்கு அருகில் இறங்கும்.

சிலருக்கு எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் கணக்கு நிற்காது. அவர்கள் தொழிலை நிறுத்தத்தான் வேண்டும். இதை வெளிப்படையாகப் பேச நம் சமூகத்துக்குக் கூச்சம் இருக்கிறது. ஷட்டர் இறங்கினால் மானம் போய்விட்டதாக நினைக்கிறோம். முதல் கையில் இருக்கும்போது, கடைகளின் பாக்கியை வசூலித்து, கம்பெனியிடம் டெபாசிட்டையும் கிளெய்மையும் வாங்கிக்கொண்டு, ஆள்களுக்கு வேறு வேலைக்கு வழி செய்துவிட்டு நிறுத்துகிறவர் ஒரு தொழிலை முடித்திருக்கிறார், அவ்வளவுதான். அதே மனிதர் இரண்டு ஆண்டு கழித்து, மீட்டர் வட்டிக்கு வாங்கி வங்கிக் கடனைச் சுற்றவிட்டு, பிறகு நிறுத்தினால் குடும்பத்தின் கதையே மாறிவிடும். இப்படிப்பட்ட கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. அப்படியும் அந்தக் கடனால் குடும்பங்கள் சிதைவதைச் செய்தித்தாள்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் இருப்பது, உண்மை தெரிந்த தேதி. வருமானம் குறைந்த ஓர் ஆண்டு அந்தத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தால், அது நமக்குச் செய்த நன்மையாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

ஏஜென்சி நடத்தும் என் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும்போது, அல்லது சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு எழுதும்போது, செலவுப் பக்கத்தில் நான்கு தலைப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் சம்பளம், வீட்டாரின் சம்பளம், போட்ட முதலுக்கு வட்டி, சொந்த இடத்துக்கு வாடகை. தொகையைக் கூட்டியும் போடாதீர்கள், குறைத்தும் போடாதீர்கள். வெளியாளுக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அதைப் போடுங்கள். ஆறு மாதம் விடாமல் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை முதலில் வீட்டில் பில் போடுகிறவரிடம் காட்டுங்கள். அடுத்து, ஆர்.ஓ.ஐ. கணக்கோடு கம்பெனி மேலாளர் வரும் நாளில் அவர் முன்னால் எடுத்து வையுங்கள்.